வலி இல்லை என்று சொல்லும் பிள்ளைகள்

காலையில் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவரிடம் ‘வலி இல்லை’ என்று சொல்வது எங்கள் வார்டுகளில் அன்றாடம் நடப்பது. இரவெல்லாம் முனகியவர், மருத்துவர் கட்டிலருகே வந்து நின்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து புன்னகை செய்வார். துணைக்கு இருப்பவருக்கு உண்மை தெரியும். சொல்வதா வேண்டாவா என்று தயங்கி நிற்பார். வீடு திரும்ப வேண்டும் என்ற ஆவல், செலவைப் பற்றிய கவலை, இதைக்கூடத் தாங்க மாட்டாரா என்று பிறர் எண்ணிவிடுவரோ என்ற கூச்சம் எல்லாம் சேர்ந்து அந்தச் சொல்லைச் சொல்ல வைக்கின்றன. நாங்கள் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. அதை அப்படியே நம்பிவிடுவதும் இல்லை.

அதே சொல்லைப் பள்ளி வயதுப் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் ஓர் இடத்தைப் பற்றி இம்முறை எழுத விரும்புகிறோம். அது மருத்துவமனை அன்று. ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் விளையாட்டின் பனித்தரை. உறைபனித் தளத்தில் இசைக்கேற்ப வழுக்கியும் சுழன்றும் தாவியும் ஆடும் அந்த விளையாட்டைக் குளிர்கால ஒலிம்பிக் நடைபெறும் நாள்களில் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நம் வாசகர்களுள் பனித்தரையில் கால் வைத்தவர் மிகச் சிலராகவே இருக்கக்கூடும். ஆயினும் அங்கே நடப்பது நோயாளிக்கும் துணையிருப்போருக்கும் அந்நியமான செய்தி அன்று. வலியை யார் சொல்வது, யார் கேட்பது, ‘போதும், நிறுத்து’ என்று முடிவெடுப்பது யார் பொறுப்பு என்னும் கேள்விகளே அங்கும் நிற்கின்றன. அந்தப் பொறுப்பை ஒரு குழந்தையின் தலையில் வைப்பது தகாது என்பது எங்கள் கருத்து.

அந்த உடலுக்கு நேர்வது என்ன என்பதை முதலில் பார்ப்போம். திரையில் இறகுபோல் மிதப்பதாகத் தோன்றும் தாவல், உண்மையில் ஒரு கனத்த மோதலில் முடிகிறது. காற்றில் இருக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அதற்குள் மூன்று அல்லது நான்கு முறை சுழன்று, பின்னோக்கி, ஒற்றைக் காலில், மெல்லிய எஃகு அலகின் மேல் இறங்க வேண்டும். அந்தக் கணத்தில் காலின் மேல் விழும் விசை, உடல் எடையைப்போல் 5 முதல் 8 மடங்கு வரை இருக்கலாம் எனக் கணக்கிட்டுள்ளனர். ஓடுபவர் கணுக்காலை வளைத்து அதிர்ச்சியைத் தணித்துக்கொள்வார். ஸ்கேட்டிங் காலணியோ விறைப்பானது. கணுக்காலை அவ்வாறு வளைய விடுவதில்லை. ஆகவே அதிர்ச்சி முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்கும் ஏறுகிறது. இது ஒரு தாவலின் கணக்கு. ஒரு நாள் பயிற்சியில் இத்தகைய தாவல்கள் பல பத்து. இறங்குவதும் எப்போதும் அதே காலில்.

வளரும் பிள்ளையின் எலும்பு, பெரியவரின் எலும்பைச் சிறிதாக்கிய வடிவம் அன்று. அதன் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் எனப்படும் குருத்தெலும்புப் பகுதிகள் உண்டு. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். வளரும் வயதில் அந்தத் தட்டு, சுற்றியுள்ள தசைநாரைக் காட்டிலும் வலுக்குறைந்தது. எனவே பெரியவருக்குச் சுளுக்காக முடிவது, பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டின் காயமாக முடியக்கூடும்.

இன்னொன்று, திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் மயிரிழை விரிசல். இன்ன நாளில் விழுந்து உடைந்தது என்று இதற்குத் தேதி சொல்ல முடியாது. முதலில் பயிற்சியின் முடிவில் மட்டும் வலிக்கும். பிறகு பயிற்சியின் நடுவில் வலிக்கும். பிறகு நடக்கும்போதும், கடைசியில் படுத்திருக்கும்போதும் வலிக்கும். தொடக்கத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ‘படத்தில் ஒன்றும் இல்லை, ஆடலாம்’ என்று அனுப்பிவிடுவது மிக எளிது. ஒரே இடத்தில் வலி நீடிக்குமானால், எம்.ஆர்.ஐ. போன்ற பரிசோதனையால் உறுதிசெய்யும் வரை அந்தச் சொல்லை நம்ப வேண்டா. வலிநீக்கி மாத்திரை இவ்விடத்தில் செய்வது ஒன்றே: விரிசல் அப்படியே இருக்க, அதை அறிவிக்கும் மணியை மட்டும் நிறுத்திவிடுகிறது.

2014 நவம்பரில் ஷாங்காய் நகரில் நடந்த போட்டியொன்றை இங்கே நினைவுகூர்கிறோம். ஜப்பானைச் சேர்ந்த யுசுரு ஹன்யூ அவ்வாண்டு பிப்ரவரியில்தான் சோச்சி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்தார், வயது 19. ஆட்டத்திற்கு முன் வழங்கப்படும் ஆறு நிமிடப் பயிற்சியில் அவரும் சீனாவின் யான் ஹானும் வேகமாக மோதி விழுந்தனர். ஹன்யூவின் முகத்தில் இரத்தம் வழிந்தது. சிறிது நேரத்தில் தலையில் கட்டுடன் பனித்தரைக்குத் திரும்பினார். ஆட்டத்தில் ஐந்து முறை விழுந்தார். ஐந்து முறையும் எழுந்து ஆடி முடித்தார். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. மோதிய யான் ஹானும் அன்று ஆடினார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

அந்தக் காட்சியைக் கண்டு உருகாதவர் குறைவு. ஒப்புக்கொள்வதில் எங்களுக்கு வெட்கமில்லை: எங்களுள்ளும் அதைக் கண்கலங்கப் பார்த்து ‘இதுவன்றோ வீரம்’ என்று வியந்தவர்கள் உண்டு. வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டால் நாங்களும் பார்வையாளர்களே. அங்கியை அணிந்துகொண்டு அதே காட்சியைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, அன்றைய தினம் ஆட்டத்திற்குத் திரும்புதல் கூடாது என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்ற விதி. அதன் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். முதல் அடியிலிருந்து மூளை தேறுமுன் மீண்டும் அடிபட்டால் விளைவு மிகக் கொடியதாகலாம். ஐந்து முறை விழுந்த ஆட்டத்தில் அதற்கு எத்தனை வாய்ப்பு என்று எண்ணிப் பாருங்கள். அன்று அவருக்கு மூளை அதிர்ச்சி இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. கூச்சலும் கடிகாரமும் நெருக்கும் அரங்கத்தில், சில நிமிடங்களில், ‘இல்லை’ என்று எவராலும் உறுதிகூற முடியாது என்பதையே சொல்கிறோம்.

ஹன்யூ மறுமாதமே பார்சிலோனாவில் நடந்த கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில் வென்றார். 2017 நவம்பரில் பயிற்சியின்போது வலது கணுக்காலில் தசைநார்க் காயம் அடைந்து, 2018 பிப்ரவரியில் வலிநீக்கியின் துணையோடு இரண்டாம் முறையாக ஒலிம்பிக் தங்கம் பெற்றார். அவர் பெருங்கலைஞர் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தில்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. வென்றவரின் கதையே பயிற்சிக்கூடங்களில் சொல்லப்படுகிறது. அவரைப் பார்த்து வலியோடு ஆடி, எதையும் வெல்லாமல், தேய்ந்த இடுப்புடன் வீடு திரும்பிய பிள்ளையின் பெயர் எவருக்கும் தெரியாது. தப்பிப் பிழைத்தவரை மட்டும் எண்ணிக்கொண்டு மருந்தைப் பரிந்துரைக்கும் மருத்துவரை நீங்கள் நம்புவீர்களா? வலியோடு ஆடுவதற்கு நாம் தரும் கைதட்டல் அப்படிப்பட்ட பரிந்துரைதான்.

வென்றவர்களும் விலை கொடுக்காமல் இல்லை. அமெரிக்காவின் டாரா லிபின்ஸ்கி 1998ஆம் ஆண்டு நாகானோ ஒலிம்பிக்கில் 15 வயதில் தங்கம் வென்றார். கடினமான தாவல்களை ஆயிரக்கணக்கான முறை பழகிய அந்தச் சிறிய உடலின் இடுப்பு மூட்டுக்கு 2000ஆம் ஆண்டு, 18 வயதில், அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. வலியின் காரணம் நெடுநாள் சரியாகக் கண்டறியப்படவில்லை என்று அவரே கூறியுள்ளார். இப்பழியில் ஒரு பங்கு எங்கள் தொழிலைச் சேரும். புகழ்பெற்ற பிள்ளை, சிரித்த முகம், ‘கொஞ்சம்தான் வலிக்கிறது’ என்ற சொல் ஆகிய இவற்றின் முன் மருத்துவரும் ஏமாறுவார்.

இத்தனை இளம் வயதில் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். விடை உடலமைப்பில் இருக்கிறது. இடுப்பு அகலாத, எடை கூடாத மெலிந்த உடல் காற்றில் விரைந்து சுழலும். ரஷ்யாவின் அலெக்சாந்திரா துருசோவா நான்கு சுழற்சிகள் கொண்ட லட்ஸ் தாவலை 2018இல் நிகழ்த்தியபோது வயது 14. பெண்களில் அதை முதலில் செய்தவர் அவரே. பருவமடைந்து உடல் மாறுமுன் எட்டிவிட வேண்டிய உயரம் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது. 2016, 2017 என இருமுறை உலக வாகையரான எவ்கேனியா மெத்வதேவாவுக்கு 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வலது பாத எலும்பில் விரிசல் கண்டது. சில வாரங்கள் விலகியிருந்து திரும்பி, 2018 ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்றார். அவருக்கு அப்போது 18 வயது. தங்கம் பெற்ற அலினா சகிடோவா அதே பயிற்சியாளரிடம் பயின்றவர், வயது 15. இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், 2019 டிசம்பரில், சகிடோவாவும் போட்டிகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். 17 வயதில் ஒருவர் மூத்தவராகிவிடும் உலகம் அது.

காயம் கண்ணுக்குத் தெரியும். நோய் அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. சோச்சி ஒலிம்பிக்கின் குழுப் போட்டியில் 15 வயதில் தங்கம் வென்ற யூலியா லிப்னித்ஸ்காயா, 19 வயதில் ஓய்வு பெற்றார். அனோரெக்ஸியா என்னும் உணவு மறுப்பு நோய்க்கு அவர் சிகிச்சை பெற்ற செய்தி 2017இல் வெளிவந்தது. அமெரிக்க வாகையர் கிரேசி கோல்டும் அதே ஆண்டு மனச்சோர்வுக்கும் உணவுக்கோளாறுக்கும் சிகிச்சை பெறுவதற்காகப் போட்டிகளிலிருந்து விலகினார். பயிற்சிக்கு வேண்டிய ஆற்றலைவிடக் குறைவாக உண்ணும் உடல், சேமிப்பைக் கரைத்து நாள்களைக் கடத்தும் குடும்பத்தைப் போன்றது. உடனடித் தேவை அல்லாதவற்றை முதலில் நிறுத்துகிறது: மாதவிடாய் தவறுகிறது, வளர்ச்சி தளர்கிறது, எலும்பு அடர்த்தி குறைகிறது. எலும்பின் பெரும்பகுதி வலிமை சேரும் பருவம் பதின்பருவம். அப்போது சேராதது பின்னர் முழுமையாகச் சேர்வதில்லை.

சர்வதேச ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டு முதல் இந்நிலைக்குத் தனிப்பெயர் இட்டு, ஆண் பெண் இருபாலரையும் இது தாக்கும் என்று எச்சரித்து வருகிறது. ‘ஆடும் பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது இயல்புதானே’ என்று தாய்மார் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. இயல்பு அன்று. மூன்று மாதம் தவறினாலும், 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது கால் எலும்பைப் பற்றிய செய்தியாகவும் இருக்கலாம்.

காய்ச்சலும் அப்படியே. மூக்கடைப்போடு லேசாகப் பயிற்சி செய்வதில் பெரும்பாலும் தீங்கில்லை. காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுவலி, படபடப்பு இவற்றுள் எதுவும் இருக்கும்போது கடும் பயிற்சி கூடவே கூடாது. வைரஸ் தொற்று சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். அந்நேரத்தில் இதயத்தை விரட்டினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். பனித்தரையின் குளிர்ந்த உலர்ந்த காற்று, ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயை வேறு இறுக்கும். ‘தேர்வுப்போட்டி அடுத்த வாரம்’ என்பது வைரஸுக்குத் தெரியாது.

2022ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கமிலா வலியேவாவை உலகமே பார்த்தது. அவருக்கும் வயது 15. நெஞ்சுவலி நோயாளிகளுக்குத் தரப்படும் டிரைமெட்டசிடின் என்னும் மருந்து, 2021 டிசம்பரில் எடுத்த அவருடைய மாதிரியில் இருந்தது போட்டிகளின் நடுவே தெரியவந்தது. வழக்குக்கும் கேமராக்களுக்கும் இடையே ஆட விடப்பட்டு, தடுமாறி விழுந்து, நான்காம் இடத்தோடு அழுதபடி வெளியேறினார். 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் மன்றம் அவருக்கு, மாதிரி எடுத்த நாளிலிருந்து கணக்கிட்டு, நான்காண்டுத் தடை விதித்தது. சட்டத்தின் நுணுக்கங்களுக்குள் நாங்கள் நுழையவில்லை. 15 வயதுப் பிள்ளை உண்ணும் மாத்திரைக்குப் பின்னால் பெரியவர்கள் இருப்பார்கள் என்பது மட்டும், குழந்தைகளுக்கு மருந்து எழுதித் தருகிற எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அவ்வாண்டு ஜூன் மாதம் தாய்லாந்தின் புக்கெட் நகரில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம், மூத்தோர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக 17ஆக உயர்த்தியது. ஆதரவு 100 வாக்குகள், எதிர்ப்பு 16. மருத்துவர்கள் என்ற முறையில் இதை வரவேற்கிறோம். எனினும் வயது வரம்பு போட்டியின் வாயிலில்தான் நிற்கிறது. பயிற்சிக்கூடத்தின் வாயிலில் நிற்பதில்லை. 17 வயதில் நுழைய வேண்டியவர் 12 வயதிலேயே அந்தத் தாவல்களைப் பழகத் தொடங்கினால், எலும்புக்குக் கிடைத்த சலுகை என்ன?

‘அவளுக்கே ஆசை; நாங்கள் வற்புறுத்தவில்லை’ என்று பெற்றோர் சொல்வர். பெரும்பாலும் அது உண்மை. பிள்ளையின் ஆசை சிறிய பொருள் அன்று. ஒவ்வொரு வலிக்கும் பயிற்சியை நிறுத்தச் சொல்பவர்களும் நாங்கள் அல்லர். கடும் பயிற்சிக்குப் பின் இரு தொடைகளிலும் பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் தணிவது தசையின் களைப்பு. ஒற்றை விரலால் சுட்டிக்காட்டக்கூடிய ஓரிடத்தில், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குக் கற்றுத்தரலாம்.

ஆனால் பிள்ளையின் சம்மதத்தை மட்டும் நம்பி நிற்பதை எங்களால் ஏற்க இயலவில்லை. ஸ்கேட்டிங் பயிற்சிக்குப் பெருஞ்செலவாகும். நல்ல பயிற்சியாளர் இருக்கும் ஊருக்குக் குடும்பமே இடம்பெயரும். தாயோ தந்தையோ வேலையை விடுவர். உடன்பிறந்தவரின் தேவைகள் பின்னுக்குத் தள்ளப்படும். இவை அனைத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, ‘வலிக்கிறதா?’ என்று கேட்டால் என்ன சொல்லும்? வார்டில் படுத்திருக்கும் தாத்தா, பேரனின் கல்லூரிக் கட்டணத்தை நினைத்து ‘வலி இல்லை’ என்று சொல்வது நமக்குப் புரிகிறதன்றோ. தாத்தாவுக்காவது, தான் பொய் சொல்கிறோம் என்று தெரியும். பிள்ளைக்கு அதுவும் தெரிவதில்லை. வலியையே தன் குறையென்று எண்ணப் பழகிவிடுகிறது.

ஆகவே நிறுத்தும் அதிகாரம், பதக்கத்தால் எந்தப் பயனும் பெறாத ஒருவரிடம் இருக்க வேண்டும். பயிற்சியாளரிடம் அன்று, அணியிடம் ஊதியம் பெறும் மருத்துவரிடம் மட்டுமாகவும் அன்று. அம்மருத்துவர் நேர்மையற்றவர் என்பதால் அன்று. இரண்டு எசமானர்களுக்கு இடையே நிற்பவர் என்பதால்.

நிறுத்தினால் எல்லாம் முடிந்துவிடும் என்ற அச்சத்திற்கு இரண்டு பேரின் வரலாற்றைச் சொல்லலாம். அமெரிக்காவின் நேதன் சென் 2016 ஜனவரியில், 16 வயதில், காட்சி ஆட்டமொன்றில் இடது இடுப்பில் காயமுற்றார். உலகப் போட்டியை விட்டுவிட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பல மாதங்கள் மெல்ல மெல்லத் தேறினார். மறு ஆண்டு தேசிய வாகையரானார். 2022இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அலிசா லியூ 13 வயதில் அமெரிக்க வாகையரானவர். 2022இல், 16 வயதில், போதும் என்று விலகிவிட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பனித்தரையை விட்டு விலகி, மலையேறினார், கல்லூரியில் சேர்ந்தார். பிறகு தானாகவே விரும்பித் திரும்பி, 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலக வாகையரானார். எல்லோரும் இப்படித் திரும்பி வெல்வர் என்று சொன்னால், மேலே நாங்கள் கண்டித்த தவற்றையே நாங்களும் செய்தவராவோம். திரும்பாதவர்கள் பலர். அவர்களுக்கு நடக்கும் கால்களும் சுமக்கும் முதுகும் எஞ்சியிருப்பது தோல்வி அன்று.

எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பிள்ளைகள் பனித்தரையிலிருந்து வருவதில்லை. வேகப்பந்து வீசி முதுகெலும்பில் விரிசல் கண்ட பையன்கள் வருகிறார்கள். கபடி ஆடி முழங்கால் வீங்கிய பெண்கள் வருகிறார்கள். அரங்கேற்றத்திற்கு மண்டபம் பதிவு செய்துவிட்ட பிறகு முன்காலில் வலி தொடங்கிய நடனப் பிள்ளைகளும் வருகிறார்கள். ‘எப்போது திரும்ப ஆடலாம்?’ என்பதே உடன் வருபவர் கேட்கும் முதற்கேள்வி. அக்கேள்வியில் தவறில்லை, சற்றுப் பிறகு கேட்கலாம்.

அடுத்த முறை வரும்போது இரண்டு உதவிகளை வேண்டுகிறோம். எப்போது வலித்தது, எவ்விடத்தில், என்ன செய்தபோது, எந்த மாத்திரை கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் நாள்வாரியாக எழுதி வாருங்கள். அறைக்குள் வந்ததும், பிள்ளையே முதலில் பேசட்டும். அதன்பின் ஐந்து நிமிடம் உங்களை வெளியே அமரச் சொல்வோம். சிறு பிள்ளையானால் செவிலியர் உடனிருப்பார். வருத்தப்பட வேண்டா. அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: ‘யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றால், நாளைக்கு ஆடுவாயா?’